பதற்றத்தைத் தணிக்க ‘வொரி ஸ்டோன்’ உண்மையிலேயே உதவுமா? அது எங்கிருந்து வந்தது?

உதவும். வொரி ஸ்டோன் என்பது கட்டைவிரலால் தேய்ப்பதற்கென்று கையில் வைத்துக்கொள்ளும் வழவழப்பான சிறு கல். என் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். "உண்மையிலேயே" என்று அழுத்திக் கேட்டிருப்பதைப் பார்த்தால், யாரோ உங்களிடம் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் புளோக் மின்தூக்கி ஒருநாள் மாலை இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நானும், தள்ளுவண்டியில் ஒரு குழந்தையும், அதைக் கூட்டிவந்த பணிப்பெண்ணும். அவசர மணியை அழுத்தி, ஆள் வந்து கதவைத் திறப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப் போயிற்று. அன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் எந்த மின்தூக்கியில் கதவு மூடினாலும் உள்ளங்கை வியர்க்கும், மூச்சு வாங்கும். சிங்கப்பூரில் மின்தூக்கி ஏறாமல் எப்படி வாழ்வது? வீடு 14வது மாடி, அலுவலகம் அதைவிட உயரம். நகத்தோரத் தோலைப் பிய்த்துப் பிய்த்து ரத்தமே வந்துவிடும்.

பலதுறை மருந்தகத்திலிருந்து உளவியலாளரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பயிற்சி சொல்லித்தந்தார். பதற்றம் ஏறும்போது கண்ணில் படும் 5 பொருள், தொட்டு உணரும் 4, காதில் விழும் 3, மூக்குக்கு 2, நாக்குக்கு 1 என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வரவேண்டும். தொடுவதற்கென்று கையிலேயே ஒரு பொருள் இருந்தால் சுலபம் என்று இந்தக் கல்லைக் காட்டினார்.

என்னுடையது அகேட் என்ற கல் வகை, பழுப்பு நிறம், குறுக்கே ஒரு வெள்ளை வரி. நடுவில் கட்டைவிரல் பதிகிற மாதிரி பள்ளம். ஆள்காட்டி விரலை அடியில் கொடுத்துக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். எடுத்ததும் சில்லென்று இருக்கும், மாடிகள் ஏற ஏறக் கைச்சூடு கல்லுக்கு வந்துவிடும். மூச்சை மெதுவாக விடும்போது ஒரு தேய்ப்பு. "நின்றுவிட்டால்?" என்று ஓடுகிற மனசு விரல்நுனிக்குத் திரும்பிவிடும், தோலைப் பிய்க்கக் கையும் போகாது. அதன் வேலை அவ்வளவுதான். ரோச்சோர் பக்கம் ஒரு கடையில் ராசி, நட்சத்திரம் எல்லாம் கேட்டு விலை கூடிய கல் ஒன்றை நீட்டினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வழவழப்பான கூழாங்கல்லே போதும், சக்தி என்று தனியாக எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிரேக்கம், திபெத், அயர்லாந்து, அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். ஒரே ஊரைக் கைகாட்ட முடியாது. அயர்லாந்தில் கொனமாராவின் பச்சைப் பளிங்கில் செய்து விற்கிறார்கள். கடைச்சரக்காக அமெரிக்காவில் பிரபலமானது 1970களில். கிரேக்கர்கள் பொழுதுபோகக் கையில் உருட்டும் கொம்போலோய் மணிகளையும், எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் சீனத் தாத்தா உருட்டும் இரண்டு அக்ரூட் கொட்டைகளையும் இதன் உறவு என்றே சொல்வேன். 108 மணி ருத்திராட்சமும் முஸ்லிம்களின் 33 மணி தஸ்பீஹும் வழிபாட்டுக்கு உரியவை, அவையும் இந்தக் கல்லும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். விரலுக்கு வேலை கொடுத்து மனசை நிறுத்துகிற பழக்கம் நம் வீடுகளிலும் இருந்தது என்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதற்றத்துக்கு மருத்துவரைப் பார்த்ததை மறைக்காமல் எழுதிக்கொடுத்தேன் என்பதற்காக ஒரு காப்புறுதி நிறுவனம் என் விண்ணப்பத்தை ஒத்திப்போட்டுவிட்டது. வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநலம் பற்றிக் கேட்கக்கூடாது என்று 2020லேயே இங்கே வழிகாட்டுதல் வந்துவிட்டது. காப்புறுதிக்கு மட்டும் ஏன் இப்படி? உதவி தேடிப் போனவருக்கே இந்த நிலை என்றால் நாளைக்கு யார் மருத்துவரிடம் போவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருந்தை நிறுத்திவிட்டுக் கல்லைப் பிடியுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குவதாக இருந்தால் கடைக்கே போய், பள்ளம் உங்கள் விரலுக்குப் பொருந்துகிறதா என்று தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். தூக்கம் கெட்டு, வெளியே போகவே பயமாக இருக்கிறது என்றால் கல் போதாது. சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண்ணான 1771க்கு அழைத்துப் பேசுங்கள், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.