பலகையை மாற்றினால் வரலாறு அழியுமா?

கேள்வி: அரசு அருங்காட்சியகங்களைக் காலனியப் பார்வையிலிருந்து மீட்கப்போவதாக ஸ்பெயின் பண்பாட்டு அமைச்சர் எர்னெஸ்ட் உர்தாசுன் 2024 ஜனவரியில் அறிவித்தார். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் 'காஸ்டா' ஓவியங்களுக்கான (கலப்பு மணக் குடும்பங்களை இனவாரியாக வரிசைப்படுத்திக் காட்டுபவை) விளக்கப் பலகைகளை மாற்றினால், அது வரலாற்றை அழிப்பதாகாதா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: ஆகாது. ஓவியர் தன் கையால் படத்தில் எழுதிய வரியைத் தொட வேண்டியதே இல்லை. பக்கத்துச் சுவரில் இருக்கும் பலகை இன்றைய அருங்காட்சியகத்தின் பேச்சு. அதற்கு இன்றைக்கு இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில், அமெரிக்கக் கண்டங்களுக்கான அருங்காட்சியகத்தில் மெக்சிகோ ஓவியர் ஆந்த்ரேஸ் தே இஸ்லாஸ் 1774இல் வரைந்த காஸ்டா வரிசை இருக்கிறது. படத்துக்குப் படம் அப்பா, அம்மா, பிள்ளை. பிள்ளைக்கு என்ன இனப்பெயர் என்பதும் படத்திலேயே. நான்காவது படத்தைப் பாருங்கள். கறுப்பினத் தாய் ஸ்பானியக் கணவனை அடிக்கக் கட்டையை ஓங்குகிறாள்; மகள் பயந்துபோய் அவள் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். 'ஸ்பானியருக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்தவள் முலாட்டா' என்று மட்டும் சொல்லிப் பலகை நின்றுவிட்டால், கறுப்பினப் பெண் என்றாலே அடிதடிதான் என்ற பொய்யையும் பார்ப்பவர் தகவலாக எடுத்துக்கொண்டு போவார்.

இந்த ஓவியங்களின் கணக்கைக் கவனியுங்கள். பூர்வகுடித் தாயின் வழியில் வந்தவர்கள் தொடர்ந்து ஸ்பானியரையே மணந்தால் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை 'ஸ்பானியர்' ஆகிவிடும். ஆப்பிரிக்கத் தாயின் வழிக்கு அந்தக் கதவு கிடையாது. அங்கே எத்தனை தலைமுறை ஸ்பானியரை மணந்தாலும் 'தோர்னா அத்ராஸ்', அதாவது பின்னோக்கித் திரும்பியவர் என்றுதான் வரிசை போகிறது. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வைத்திருந்த ஆட்சிக்கு வசதியான கணக்கு இது. வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. தேவாலயப் பதிவேடுகளில் நடைமுறையில் புழங்கியவை சில பெயர்களே. ஒரே ஆள் ஒரு பதிவில் ஓர் இனமாகவும் இன்னொன்றில் வேறு இனமாகவும் இருப்பதுண்டு. வரிசைகள் பலவும் ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதையெல்லாம் பலகையில் எழுதினால் வரலாறு கூடுமே தவிரக் குறையாது.

படங்களைக் கழற்றிக் கிடங்கில் போட்டால் அதுதான் அழிப்பு. அப்படிச் செய்தால் உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

என் கவலை வேறு. புதிய வாசகத்தையும் மாட்ரிட் அதிகாரிகளே உட்கார்ந்து எழுதிவிடக் கூடாது. ஆப்பிரிக்க வம்சாவளி மக்களை மெக்சிகோவின் அரசியல் சட்டம் அங்கீகரித்ததே 2019இல்தான். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை அவ்வாறு பதிவுசெய்தார்கள். நான்காவது படத்தின் பலகையை எழுதும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.