உப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சாள் என்னுடைய 19ஆவது பிறந்தநாளுக்கு ஓர் ஆங்கில நாவல் அனுப்பினாள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதின ஸொம்பி நாவல். உலகம் அழிந்துவிட்டது, மிஞ்சிய சனம் கம்பி வேலிக்குள் ஒரு கிராமமாய் இருக்கிறது, வெளியே செத்தும் சாகாததுகள் அலைகின்றன. அட்டையைப் பார்த்து ஆசையாய்த் தொடங்கினேன். முந்நூறு பக்கத்தில் ஸொம்பி வந்தது நாலே நாலு இடம். மிச்சமெல்லாம் கதாநாயகி இவனா அவனா என்று யோசிக்கிறாள். ஏமாந்துபோனேன். எனக்குத்தான் ரசனை இல்லையா? மச்சாளுக்கு என்ன சொல்ல?

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, வட்டக்கச்சி.

பதில்: ரசனை இருக்கிறது பிள்ளை. பழியைத்தான் பிழையான இடத்தில் போட்டுவிட்டீர்.

நீர் குறிப்பிட்ட நாவலை நானும் தேடியெடுத்து இரண்டு இரவு வாசித்தேன். (ஆசிரியர் வேலையில் இந்த நித்திரை முழிப்புக்குத் தனிக் கொடுப்பனவு கிடையாது.) ஸொம்பி குறைவு என்பது ஒரு குற்றமே இல்லை. பிணங்கள் கூட்டமாய் வந்து ஆளைத் தின்னுகிற வழக்கத்தைத் தொடக்கிவைத்தது 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் ‘ஸொம்பி’ என்ற சொல்லே வராது. பண்ணைவீடு ஒன்றில் அகப்பட்ட ஏழு பேர், நிலவறைக்குள் இறங்குவதா மேலே நிற்பதா என்று சண்டை பிடிப்பதிலேயே படத்தின் பெரும்பகுதி போகிறது. பங்கருக்குள் போவமா, வெளியில் நிற்பமா என்று எங்கட வளவுகளில் நடந்த அதே சண்டைதான். உம்முடைய அம்மா அப்பாவும் பிடித்திருப்பார்கள், கேட்டுப் பாரும்.

அதற்கும் முந்திய ஸொம்பி ஆளைத் தின்னாது. அது வேலை செய்யும். ஹெயிட்டியில் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவந்தவர்களின் பயம் அது. செத்தால் விடுதலை என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு, செத்த பிறகும் எழுப்பிக் கரும்பு வெட்ட விடுவார்களோ என்ற பயம். 1791இல் அந்தச் சனம் கிளர்ந்தெழுந்தது, 1804இல் தனிநாடாகியது, பயம் மட்டும் கதையாய் மிஞ்சியது. 1915இல் அமெரிக்கப் படை போய் ஹெயிட்டியில் இறங்கியது. அதன் பிறகுதான் அந்தக் கதை அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆக, ஸொம்பிக் கதையின் அடியில் இருப்பது வேலையும் வயிறும். பல்லும் இரத்தமும் பிறகு பூசினது.

காதலையும் குற்றம் சொல்லாதேயும். பங்கருக்குள்ளும் காதல் இருந்தது, தறப்பாள் கொட்டிலில் கலியாணமும் நடந்தது. அந்தப் பெட்டை இரண்டு பெடியன்களை நினைத்து உருகட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

எனக்கு நாவல் கைவிட்டுப்போன இடம் எட்டாம் அத்தியாயம். கதாநாயகியின் தாய் சூப்புக்கு உப்புப் போடுகிறாள். தாராளமாய், இரண்டு சிட்டிகை. ஊரைச் சுற்றிக் காடு. கடலுக்கு எத்தனையோ நாள் நடை. மூன்று தலைமுறையாய் வேலி தாண்டிப் போன ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அப்போ, அந்த உப்பு எங்கிருந்து வந்தது? எழுதினவருக்கு அந்தக் கேள்வி வரவேயில்லை. வேலிக் கம்பியும் மூன்று தலைமுறையாய்த் துருப்பிடிக்கவில்லை. எங்கட ஊரில் பனையோலை வேலியை வருசா வருசம் பிரித்துக் கட்டவேணும், கறையான் அரித்த கதியாலை மாற்றவேணும், அதிலே பக்கத்து வளவுக்காரனோடு எல்லைச் சண்டை வேறு. அந்த நாவலில் வேலிக்காக ஒரு சண்டைகூட இல்லை!

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது உலகம் அழிந்திருக்கவில்லை, எங்களுக்கு வரும் பாதைதான் மூடியிருந்தது. அதற்கே என்ன பாடு! ஜாம் போத்திலின் அடியில் பஞ்சு, அது ஊறுகிற அளவுக்கு மண்ணெண்ணெய், சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில்தான் படிப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடும். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி பாதியில் நிற்கும். சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். அந்த வாசம் மாட்டுக்குப் பிடிக்கும். கொடியில் காயப்போட்ட ஐயாவின் சாரத்தை அயல் வீட்டுப் பசு ஒரு சாண் சப்பிவிட்டது. ஐயா அசரவில்லை. சப்பின பக்கத்தை மேலே கொண்டுவந்து இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போனார். அந்தச் சாரத்தை எழுதத் தெரிந்தவர்தான் அழிந்த உலகத்தையும் எழுதலாம் என்பது என் கட்சி.

ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்துச் சனம் நாங்கள். 1990இல் சண்டையோடு அந்த அளமே நின்றுபோனது. முள்ளிவாய்க்கால் கஞ்சியை மே மாதத்தில் ஒவ்வொரு வருசமும் குடிக்கிறோமே, அதில் என்ன இருக்கிறது? அரிசி, தண்ணீர், உப்பு. அதனால்தான் உப்புப் போடுகிற கையை நான் கவனமாய்ப் பார்க்கிறேன்.

வேலிக்குள் சீவியம் என்றால் என்னவென்றும் அந்த நாவலுக்குத் தெரியாது. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில், முட்கம்பிக்குள், இரண்டரை இலட்சத்துக்கு மேல் சனம். நீர் அப்போது கைக்குழந்தை. தண்ணி பவுசர் வரும் முன்னமே, விடிய நாலு மணிக்கு, வாளிகள் வரிசையில் நிற்கும். வாளி இல்லாதவர் கல் வைப்பார். அந்தக் கல்லுக்கும் ஆளுக்குரிய மரியாதை உண்டு. ஒருநாள் ஒருவர் எனது கல்லைக் காலால் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைத்தார். இன்றைக்கும் சந்தியில் கண்டால் நான் மற்றப் பக்கம் பார்ப்பேன். நாவலில் அத்தனை சனம் ஒரே கிணற்றில் அள்ளுகிறது, ஒரு முகச்சுளிப்புக்கூடக் கிடையாது.

இப்படிச் சீரழிந்த உலகத்தைக் காட்டுகிற கதைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லுகிற ‘டிஸ்டோபியா’வுக்குத் தமிழ்ச் சொல் கேட்டு ஏற்கெனவே மூன்று கடிதம் மேசையில் கிடக்கிறது. சொல் பிறகு. அந்த வசவை 1868இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மெய்யியலாளர் ஜோன் ஸ்டூவர்ட் மில் எடுத்து வீசியது வருங்காலத்தைப் பார்த்து அல்ல, அயர்லாந்து பற்றிய விவாதத்தில், அன்றைய அரசாங்கத்தின் கொள்கையைப் பார்த்து.

உம்மிலும் எனக்கொரு குறை உண்டு. ஸொம்பி வந்த இடங்களை எண்ணி எழுதியிருக்கிறீர், நாலு என்று. நான் சரிபார்த்தேன், ஐந்து. ஐந்தாவது, கிணற்றடியில். அந்தப் பக்கத்தைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறீர். முழு நாவலிலும் உருப்படியான இடம் அது ஒன்றுதான்.

மச்சாளுக்கு, அட்டை வடிவாயிருக்கு என்று சொல்லும். பொய்யில்லை.