காணி விளம்பரத்துக்கு லைக் வருகிறது, வாங்க ஆள் வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: கிளிநொச்சியில் சில வருடங்களாகக் காணித் தரகு செய்கிறேன். பரந்தன், வட்டக்கச்சி, அக்கராயன், முறிகண்டி பக்கம்தான் கூடுதலாகப் பார்க்கிறேன். பேஸ்புக் பக்கம் இருக்கிறது. படம் போட்டால் லைக் நிறைய விழும். வட்ஸ்அப்பில் வந்து விலை கேட்பார்கள். சொன்னதும் ஆளைக் காணோம். கனடா, லண்டன் தமிழரைக் குறிவைத்துக் காசு கட்டி விளம்பரம் போடு என்கிறார்கள் சிலர். வெப்சைட் இல்லாவிட்டால் எடுபடாது என்கிறார்கள் வேறு சிலர். எதில் காசைப் போடுவது?

பதில்: இப்போதைக்கு இரண்டிலும் போடாதீர்கள். முதலில் உங்கள் விளம்பரத்தின் முதல் வரியை மாற்றுங்கள். அதற்குச் செலவே இல்லை.

விலை கேட்டுவிட்டு மறைகிறவர்கள் எல்லாரும் விலைக்குப் பயந்து போகிறவர்கள் என்று நினைக்க வேண்டாம். வன்னிக் காணி என்றதும் வாங்குகிறவர் மனதில் முதலில் எழுகிற கேள்வி, ‘உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?’ என்பது; அதாவது முழு உரிமைப் பத்திரம் உள்ள காணியா, அரசின் அனுமதிப்பத்திரத்தில் மட்டும் வைத்திருக்கிற காணியா என்பது. தரகரிடம் அதைக் கேட்டால் நேரான பதில் வராது என்று பலர் முடிவு கட்டியிருக்கிறார்கள். அதனால் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு, ஊரில் இருக்கிற மாமாவுக்கோ மச்சானுக்கோ கோல் எடுக்கிறார்கள். அவரும் ‘எதுக்கும் கவனம்’ என்பார். அதோடு கதை முடிந்தது. மாமா சொல்ல வேண்டியதை விளம்பரமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த ஆள் உங்களிடமே நிற்பார்.

இப்போது எல்லாரும் போடுகிற விளம்பரம் இப்படி இருக்கும்: ‘அவசர விற்பனை! ஏ9 வீதிக்கு மிக அருகில் அழகிய 2 ஏக்கர் காணி! விலை பேசித் தீர்மானிக்கலாம்! தொடர்புக்கு இன்பொக்ஸ்.’ இதில் ஒரு தகவலும் இல்லை. அதே காணியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘உறுதிக் காணி, 2 ஏக்கர், முறிகண்டிப் பக்கம். ஏ9 வீதியிலிருந்து கிரவல் ஒழுங்கையால் 900 மீற்றர். உரிமையாளர் ஒருவர், உள்நாட்டில் இருக்கிறார். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தாயிற்று, அடமானம் இல்லை. நில அளவைப் படம் உண்டு. கட்டுக் கிணறு ஒன்று, ஆடியிலும் தண்ணீர் நிற்கும். மின்சாரம் இன்னும் எடுக்கவில்லை, கம்பம் ஒழுங்கை முகப்பில் இருக்கிறது. காணியில் யாரும் குடியில்லை.’ இதன் கீழே விலையையும் போடுங்கள். மின்சாரம் எடுக்கவில்லை என்று நீங்களே சொல்வதால் காணியின் மதிப்புக் குறையாது. கிணற்றைப் பற்றிச் சொன்னதை வாசிக்கிறவர் நம்புவதற்கும் அதுதான் காரணம். லைக் குறையலாம். குறையட்டும்.

அப்படி எழுத வேண்டுமென்றால் அந்தத் தகவல்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு காணியை எடுத்துக்கொள்ள முன்னமே உரிமையாளரிடம் ஆவணப் பிரதிகளை வாங்கிப் பாருங்கள். வன்னியில் இது மற்ற இடங்களைவிட முக்கியம். உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை என்று இரணைமடுக் குளத்தின் கீழ் உருவான குடியேற்றங்களிலும், மாவட்டத்தின் வேறு பல இடங்களிலும், மக்களுக்குக் காணி கிடைத்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டப்படி அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட் வைத்திருப்பவர் காணியை விற்க முடியாது; தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம். அளிப்புப் பத்திரம், அதாவது கிரான்ட் உள்ளவரும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முதலில் பெறாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டினாலும், சத்தியக்கடதாசி முடித்தாலும் செல்லாதது செல்லாததுதான். ‘பெர்மிட்தான், ஆனால் எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்’ என்று சொல்லி விற்கிற வேலையை நீங்கள் தொடவே கூடாது. வெளிநாட்டில் குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது. போனால் அந்தக் குடும்பத்துக்கு நீதிமன்றத்திலும் வழி கிடைப்பது கஷ்டம்.

2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தில் நிபந்தனையற்ற உறுதி பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய காணி வந்தால், உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதையும் விளம்பரத்தில் சொல்லுங்கள்.

உறுதிக் காணி என்றாலும் எல்லாம் சரி என்று விட்டுவிட முடியாது. வடக்குத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் இருக்கிறது. பிரிக்காத பங்கு ஒன்றை விற்க வந்தால், கூட்டுப் பங்காளருக்கும் உரித்துள்ளோருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். திருமணமான பெண்ணின் பெயரில் உள்ள காணிக்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. எங்கள் பகுதியில் கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். சம்மதம் பெற வழியில்லாத அந்த நிலையில் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். அந்த அம்மாவிடம் ‘கையெழுத்து இல்லாமல் முடியாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாமல், ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போங்கள். உங்கள் தொழிலில் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் அது ஒன்று.

நேரில் போய்ப் பார்க்கும்போது காணியில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் வேறொருவர் வந்து குடியேறி, கொட்டில் வீடாகி, தென்னை காய்த்த காணிகள் உண்டு. வன இலாகாவின் எல்லைக் கல் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சனம் இல்லாத வருடங்களில் காடு மூடிய மேட்டுக் காணிகளில் இந்தப் பிரச்சினை அதிகம். பச்சிலைப்பள்ளிப் பக்கம் என்றால் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடமா என்று வெளிநாட்டுக்காரர் கட்டாயம் கேட்பார். கண்ணிவெடி நிறைந்திருந்த முகமாலையின் பெயர் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிரதேச செயலகத்தில் முன்பே கேட்டு வையுங்கள்.

சரி, கனடா, லண்டன் விளம்பரத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து பேசுகிறவரிடம் விலைக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எந்த நாட்டுப் பாஸ்போட்? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை விற்று உறுதி எழுத முடியாது. அவர் கிளிநொச்சியில் பிறந்தவர் என்பதாலோ, அப்பாவின் வீடு அடுத்த ஒழுங்கையில் இருப்பதாலோ அது மாறாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ உரித்தாகவோ வருவதற்கும் விலக்கு உண்டு. நிரந்தர வதிவிடம் மட்டும் எடுத்து, இன்னும் இலங்கைப் பாஸ்போட்டில் இருப்பவரும் வாங்கலாம்.

இதை முதல் உரையாடலிலேயே தெளிவாக்காத தரகர்கள், மாதக் கணக்காகப் பேசி, காணி காட்டி, முற்பணமும் வாங்கிய பிறகு நொத்தாரிசு முன்னால் போய் முழிக்கிறார்கள். அப்புறம் ‘தம்பியின் பெயரில் எழுதுவோம்’ என்ற குறுக்கு வழி. அண்ணன் காசு கொடுக்க, தம்பி பெயரில் உறுதி எழுத, பத்து வருடத்தில் இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை இல்லாமல் போகும். அந்த யோசனையை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவரை வேறு காணிகளைப் பார்த்து வைக்கிறேன் என்று சொல்லுங்கள். திரும்பி வருவார், அல்லது வேறொருவரை அனுப்புவார்.

இந்த விடயத்தில் உங்களுக்கும் சட்டப் பொறுப்பு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டத்துக்குள் காணி விற்பனை முகவர்களும் வருகிறார்கள். வாடிக்கையாளர் யார் என்று அடையாளம் உறுதிப்படுத்துவதற்கு 2018இல் தனி விதிகளும் வந்தன. ஆகவே பாஸ்போட் பிரதி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பணம் உண்டியலில் வராமல் வங்கிக்கு வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வெளிநாட்டில் வசிக்கிறவர், முதலீட்டுக்காக வெளிநாட்டுப் பணம் கொண்டுவரும் வங்கிக் கணக்கான உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவந்தால், பிற்காலத்தில் விற்று அந்தக் காசைத் திரும்பக் கொண்டுபோக வழி திறந்திருக்கும். வாங்குகிற நேரத்தில் இதை எடுத்துச் சொல்கிற தரகரை அவர் மறக்கமாட்டார்.

பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போடுவதைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். வீடு, காணி விளம்பரங்களைப் பேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் ‘ஹவுசிங்’ என்ற சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. வீட்டு விளம்பரங்களில் பாகுபாடு காட்டப்படுகிறது என்று அமெரிக்காவில் சிவில் உரிமை அமைப்புகள் தொடுத்த வழக்குகள் 2019இல் இணக்கத்துக்கு வந்ததன் விளைவு அது. பிறகு கனடாவுக்கும் விரிந்தது. நீங்கள் கிளிநொச்சியில் இருந்து போட்டாலும், கனடாவில் உள்ளவருக்குக் காட்டும் காணி விளம்பரத்துக்கு இந்த விதி பொருந்தும். வயது, பால், தபால் குறியீடு பார்த்து ஆட்களைத் தெரிவு செய்ய முடியாது. ‘ஸ்காபரோவில் 45 வயதுக்கு மேற்பட்ட தமிழர்’ என்று குறிவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வகையை மறைத்துப் போட்டால் விளம்பரம் நிராகரிக்கப்படும், கணக்கும் முடங்கலாம். நல்ல தமிழில் எழுதிய, ஊர்ப்பெயர் முன்னால் நிற்கிற ஒரு பதிவை ஒருவர் தன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், காசு கொடுத்தும் பிடிக்க முடியாத ஆட்களிடம் அது போய்ச் சேரும்.

அந்தப் பகிர்வுக்கு வீடியோ நன்றாக உதவும். பின்னணியில் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய ரீல்ஸ் வேண்டாம். ஏ9 வீதியில் ஒரு கடை அல்லது பஸ் தரிப்பிடம் தெரிகிற இடத்தில் தொடங்கி, மோட்டார் சைக்கிளில் ஒழுங்கையால் காணி வரை வெட்டாமல் எடுங்கள். மேடும் பள்ளமும் அப்படியே தெரியட்டும். காணிக்குள் போய் நாலு மூலைக் கற்களையும் காட்டுங்கள். கிணற்றுக்குள் வாளியை விட்டு, கயிறு எவ்வளவு போகிறது என்று காட்டுங்கள். அப்புறம் அதே காணியை மாரியில் ஒருமுறை எடுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ‘கார்த்திகையில் இந்தக் காணி இப்படித்தான் இருக்கும்’ என்று திகதி சொல்லி எடுத்த ஒரு நிமிட வீடியோவை வேறு எந்தத் தரகரும் போடுவதில்லை. ட்ரோன் பறக்கவிடுவதென்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துச் செய்யுங்கள். இராணுவ முகாம்களுக்குக் கிட்ட எடுக்கவே வேண்டாம்.

உறுதியின் படத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் மோசடிக்காரர் கையில் போய்விடும். ‘உறுதிப் பிரதியை நேரில் அல்லது உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுவோம்’ என்று எழுதினால் போதும்.

காணி இல்லாத நாட்களில் என்ன போடுவது என்று யோசித்திருப்பீர்கள். செய்தியை விளக்குங்கள். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி நினைவிருக்கும். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணியாகும் என்று வந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்க் காணிகளும் அதில் இருந்தன. எதிர்ப்பும் வழக்கும் வந்து, பிறகு அரசு அதைக் கைவிட்டது. அந்த வாரங்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் எவ்வளவு பதறினார்கள்! வட்ஸ்அப் குரல் பதிவுகளில் வதந்திதான் ஓடியது. அப்படியொரு நேரத்தில் எந்தக் கிராமங்கள், எந்த ஆவணம் தேவை, எங்கே கொடுப்பது என்று எளிய தமிழில் திகதி போட்டு எழுதுகிற தரகரின் பக்கத்தைச் சனம் சேமித்து வைக்கும். நிலைமை மாறியதும் பழைய பதிவின் மேலேயே ‘இது இப்போது நடைமுறையில் இல்லை’ என்று எழுதிவிடவும் வேண்டும்.

கொமிஷனை எழுத்தில் வையுங்கள். உங்கள் வாடிக்கையாளர் வாழ்கிற இடங்களில் இந்தத் தொழிலுக்கு இறுக்கமான ஒழுங்கு இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவு இல்லாமல் யாரும் முகவராக இயங்க முடியாது. அமெரிக்காவில் தேசிய வீட்டு முகவர் சங்கம் 2024 மார்ச்சில் 418 மில்லியன் டொலருக்குக் கொமிஷன் தொடர்பான வழக்கை இணக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதன்படி அந்த ஆண்டு ஓகஸ்டிலிருந்து வீடு காட்டுவதற்கு முன்பே, முகவருக்கு யார், எவ்வளவு கொடுப்பது என்று வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிப் பழகியவரிடம் ‘அது பிறகு பார்ப்பம் அண்ணை’ என்றால் சந்தேகம்தான் வரும். யாரிடம் எத்தனை வீதம், எப்போது, காணி தவறினால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். விற்பவர், வாங்குபவர் இரண்டு பக்கமும் கொமிஷன் வாங்குவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வெப்சைட் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் கூகிளில் உங்கள் தொழிலை இலவசமாகப் பதிந்து, வரைபடத்தில் அலுவலக இடத்தைக் குறியுங்கள். காணி வாங்கியவர்களிடம் அங்கே இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஊர்ப்பெயர்களைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் தமிழில் தட்டித் தேடமாட்டார்கள். விற்ற காணியின் பதிவை அழிக்காமல் ‘விற்றாயிற்று’ என்று மேலே எழுதி, மாதத்தையும் போட்டு வையுங்கள். அந்தப் பழைய பதிவைப் பார்த்துவிட்டு, ‘இதே பக்கத்தில் வேறு ஏதும் இருக்கா?’ என்று கேட்டு வருகிறவர் பெரும்பாலும் உண்மையிலேயே வாங்க நினைக்கிறவர்.