கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் அணி மாறும் வீரரை ரசிகர்கள் 'துரோகி' என்கிறார்களே, நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. இதைக் கேட்டாலே எனக்கு கர்ட் ஃப்ளட் முகம்தான் நினைவுக்கு வரும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 12 ஆண்டுகள் ஆடியவர். 1964, 1967 என இரண்டு முறை உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் பட்டத்தை, வென்ற அணியில் இருந்தவர். 1969-இல் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைய ஒப்பந்த விதி வீரரை அணியோடு கட்டிப்போட்டிருந்தது; அதன்படி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை! விசுவாசத்தை வீரரிடம் மட்டும் எதிர்பார்த்த காலம் அது.

ஃப்ளட் போக மறுத்தார், வழக்குப் போட்டார். என்னை இன்றும் உறுத்துவது, அப்போது களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை என்பதுதான். பயம், பாவம். ஓய்வு பெற்றிருந்த பழைய வீரர் ஜாக்கி ராபின்சன் வந்தார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று ஃப்ளட் தோற்றார். ஆனால் 1975-இல் வேறு இரு வீரர்களின் வழக்கில் (ஆட்ட நடுவர் அல்ல, தகராறைத் தீர்க்கும்) மத்தியஸ்தரின் தீர்ப்பு வந்து, அந்த விதி உடைந்தது. பலனை அனுபவித்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

கேள்வி: அப்படியானால் ஒரே அணியில் நிலைத்தவர்கள்?

பதில்: டோனி க்வின்! சான் டியாகோவுக்கே 20 பருவங்கள், 1982 முதல் 2001 வரை. உலகத் தொடர் ஒருமுறைகூடக் கைக்கு வரவில்லை. ஆனாலும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.