கட்சி ஐ.டி. அணியிலிருந்து மனித உரிமைப் பக்கம்

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு கட்சியின் பகுதி ஐ.டி. அணியில் பிரஸ் நோட், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். வெளிநாட்டு நிதி வாங்கும் ஓர் அறக்கட்டளையில் தகவல் தொடர்பு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பிறகு மனித உரிமை அமைப்புக்குப் போக ஆசை. கட்சி முத்திரை இடிக்குமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: முத்திரை இடிக்காது, பதவி இடிக்கும். சேருவதற்கு முன் கட்சிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்து விடுங்கள். குரூப் அட்மினாகவும் இருக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதிச் சட்டப்படி, அரசியல் தன்மையுள்ள அமைப்பு அந்தப் பணத்தைத் தொட முடியாது. நீங்கள் ஓட்டுக் கேட்டுப் போடும் பதிவு குடைச்சலாவது அவர்களுக்குத்தான். சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது என்றும் கேளுங்கள். அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கு வரம்பு 20 சதவீதம். கை இறுகினால் முதலில் வெட்டு விழுவது நம் மாதிரி ஆட்களுக்கு.

அறக்கட்டளை எழுத்து மிரட்டாது. 'வரலாறு காணாத' போன்ற மேடைச் சொற்களை விட்டு எத்தனை பேர், எந்தத் தெரு, எவ்வளவு செலவு என்று எழுதினால் போதும்.

மனித உரிமை எழுத்துக்குத்தான் வேறு கை வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் இருவர் இறந்தால் 'விஷவாயு தாக்கி பலி' என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்த வாக்கியத்தில் குற்றவாளி வாயு! யார் இறங்கச் சொன்னது, என்ன கவசம் தரவில்லை, எஃப்.ஐ.ஆரில் மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சேர்ந்ததா? மூன்றும் முதல் பத்தியில் வரவேண்டும். பழைய பிரஸ் நோட்டைப் பார்த்து இழப்பீடு 10 லட்சம் என்று போட்டுவிடுவார்கள். அது 2014 தீர்ப்பு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை 30 லட்சமாக்கிவிட்டது.

அடுத்து படம். அழுகிற மனைவியின் முகத்தைக் கட்சிப் பக்கத்தில் உடனே போட்டிருப்பீர்கள். இங்கே எழுத்தில் சம்மதம் வேண்டும், எங்கெல்லாம் வரும் என்று சொல்லி. துக்க வீட்டில் கையெழுத்துக்கு நீட்டாதீர்கள், காரியம் முடியட்டும். பின்னால் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். போக்சோ வழக்கு என்றால் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயரோடு பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் எதையும் காட்டக் கூடாது என்கிறது. பெயரை மறைத்து ஹவுசிங் போர்டு பிளாக் நம்பரைப் போட்டால், வியாசர்பாடியில் டீக்கடை வரைக்கும் ஆளைத் தெரிந்துவிடும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் போகவேண்டும். மனு கொடுத்துவிட்டுப் பிரஸ் நோட் அனுப்புங்கள்: ஒரே பக்கம், முற்பகலில். கீழே தொடர்பு எண்ணாகக் குடும்பத்தினர் எண்ணைப் போடாதீர்கள், உங்கள் எண்ணைப் போடுங்கள்.