பச்சை ஒயினும் பன்னீர் திராட்சையும்

போன மாதம் மகள் வீட்டுப் பயணத்தைப் பற்றி எழுதியபோது, போர்த்துக்கலின் வடக்கு மூலையில் மொன்சாவ் என்ற ஊரில் ஒரு குடும்பம் நடத்தும் ஒயின் தோட்டத்துக்குப் போய்வந்ததைப் பத்து வரியில் முடித்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் பத்து வரியைப் பற்றித்தான். கால் கடுக்க நடந்து பார்த்த மாதா கோயில்களையும் கடற்கரையையும் ஒருவரும் சீண்டவில்லை. சரி, கேட்டதற்கே வருகிறேன். நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைப் பந்தலுக்கு அடியில். வாழ்க்கைப்பட்டு வந்தது பழனிமலையில், பண்ணைக்காட்டுக் காபித் தோட்டத்துக்கு. என் பதில்களில் இந்த இரண்டு வாடையும் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பச்சை ஒயின்’ என்று எழுதியிருந்தீர்களே, நிஜமாகவே பச்சை நிறமா?
— நிலக்கோட்டை வாசகர்

நானும் அப்படி நினைத்துத்தான் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலும் வெள்ளை ஒயின்தான். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போல இருக்கிறது. வின்யோ வெர்தே என்பது அந்த வட்டாரத்தின் பெயர். 1908-லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். இன்று அதற்குள் 9 பிரிவுகள். ‘வின்யோ’ என்றால் ஒயின், ‘வெர்தே’ என்றால் பச்சை. பச்சைப் பிள்ளை, பச்சை உடம்பு என்கிறோமே, அந்தப் பச்சை. வயது முற்றாத இளசு. அறுப்பு முடிந்த சில மாதங்களிலேயே பாட்டிலுக்குப் போய், சூடு ஆறுவதற்குள் என்பார்களே, அப்படிக் குடித்து முடித்துவிடுகிற ஒயின். நாக்கில் லேசாகச் சுருக்கென்று சோடா மாதிரி இருக்கும். பழைய காலத்தில் பாட்டிலுக்குள்ளே இரண்டாம் முறை நுரைத்ததால் தானாக வந்த வாயு அது. இப்போது விலை மலிவான ரகங்களில் பெரும்பாலும் அடைக்கும்போது ஏற்றிவிடுகிறார்கள். சொல்லக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

சிவப்பிலும் ‘பச்சை’ உண்டு, அதுதான் வேடிக்கை. வின்யாவ் என்கிற கறுப்புத் திராட்சையில் செய்கிறார்கள். கிராமத்துப் பெரியவர்கள் அதை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறார்கள். கிண்ணத்தின் ஓரமெல்லாம் ஊதா. நாவல்பழம் தின்ற பிள்ளையின் வாய் போல.

நான் ஒயினைத் தொடாதவள். என்னைப் போன்றவர்கள் அங்கே போய் என்ன செய்வது?
— போடி வாசகி

பழனி பஞ்சாமிர்தம் செய்கிற இடத்தைக் காட்டினால் சர்க்கரை வியாதிக்காரர்கள் பார்க்க மாட்டார்களா அம்மா? எங்களை முதலில் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போனார்கள். பிறகு கருங்கல் சுவர் வைத்த பழைய மாட்டுக் கொட்டகை. அதுதான் இப்போது ஒயின் கூடம். உள்ளே எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பிழிகிற எந்திரத்தைத் திறந்து காட்டினார் அந்த வீட்டு மகன். படுக்க வைத்த டிரம்முக்குள் ஒரு ரப்பர்ப் பை. அதில் காற்று ஏற ஏற, திராட்சை மெல்ல நசுங்குகிறது. கொட்டை உடையக் கூடாது, உடைந்தால் கசப்பு இறங்கிவிடும் என்றார். பிறகு சாற்றைக் குளிரவைத்தே நுரைக்க விடுகிறார்கள். சூடு ஏறினால் வாசனை பறந்துவிடுமாம். என் மாமியார் ரசத்தைக் கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்குவார், அதே கதைதான்.

குடிக்கிற கட்டத்தில் ஒரு வாளியை வைப்பார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதில் துப்பிவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. எனக்கு அது தெரியாது. துப்புவது மரியாதையா என்று நினைத்து நான்கு மடக்கையும் விழுங்கிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை ஒழுங்காகத் துப்பினார். அவர்தானே வண்டி ஓட்ட வேண்டும். அங்கே ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் எட்டினாலே அபராதம்.

அங்கேயும் பந்தல்தான் என்று எழுதியிருந்தீர்கள். நம் பந்தலா? வருஷத்துக்கு ஒரே ஒரு அறுப்பில் எப்படிக் கட்டுப்படியாகிறது?
— காமயகவுண்டன்பட்டி திராட்சை விவசாயி

அண்ணா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டியதும் நான் பார்த்தது கல்கால். ஆள் உயரத்துக்கு மேல், உளி போட்டுப் பிளந்த கருங்கல் தூண். மேலே கம்பி, கம்பியில் கொடி. அப்பா தோட்டத்துக் கல்காலை யாரோ பெயர்த்துக் கொண்டுபோய் நட்ட மாதிரி இருந்தது. தூணில் மருந்தடித்த மயில்துத்தக் கறைகூட அதே நீலம். ‘ரமாடா’ என்கிறார்கள். வேறு ஒயின் நாடுகளில் இடுப்புயர வேலியாக வரிசை பிடித்து ஓடும் கொடியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இங்கும் புதுத் தோட்டங்களில் அதுதான் வருகிறது. பழைய முறை பந்தல்தான். அதற்கும் முந்தையது, மரத்தில் ஏற்றிவிடுவது. நம் மலையில் முள்முருங்கையில் மிளகு ஏறுகிற மாதிரி.

ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டேன். மகள்தான் மொழிபெயர்த்தாள். இரண்டு காரணம். ஒன்று, அது மழைக்காடு மாதிரியான சீமை; பல இடங்களில் வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது, கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் அளவு. ஈரம் தரையிலிருந்து குலைக்கு ஏறாமல், காற்று போய்வர வேண்டும். இன்னொன்று நிலம். எல்லாமே பாகம் பிரித்துப் பிரித்துச் சிறுத்துப்போன துண்டுகள். அவ்வளவு சின்ன நிலத்தில் திராட்சை மட்டும் வைத்தால் சோற்றுக்கு எங்கே போவது? ஆகவே ஓரம் சுற்றிப் பந்தல், நடுவில் மக்காச்சோளம், பந்தலுக்கு அடியில் கீரை. ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒற்றைத் தண்டில் வளரும் ஒரு முட்டைக்கோஸ் வகை. கீழ் இலையாகப் பறித்துக்கொண்டே போகிறார்கள். பாகப் பிரிவினை என்று மகள் மொழிபெயர்த்த நிமிஷம், என் வீட்டுக்காரர் முதன்முறையாக அந்த உரையாடலில் தலையை நிமிர்த்தினார். அவருக்கும் தம்பிகள் மூன்று பேர்.

நான் போனது மார்ச் முதல் வாரம். கொடியில் ஒரு இலை இல்லை. கவாத்து முடிந்து, வெட்டுவாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் மூத்த அம்மா, எழுபது தாண்டியிருக்கும், ஏணியில் நின்று கொடியைக் கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தார். நாம் வாழைநாரோ சணலோ போடுகிற இடத்தில் அவர்கள் போடுவது ஆற்றோரத்தில் வளரும் ஒரு செடியின் மஞ்சள் குச்சி. கட்டை விரல் குச்சியை அழுத்த, நடுவிரல் அதைச் சுற்ற, இரண்டு முறுக்கு, நுனியைச் செருகினால் முடிந்தது. முடிச்சே கிடையாது. நான் ஒன்று கட்டிப் பார்த்தேன், பிரிந்துவிட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்கி, என் விரலைத் தன் விரலுக்குள் வைத்து ஒரு முறை முறுக்கிக் காட்டினார். நான்காவது நின்றது. குளிர் தாங்காமல் கையுறை போட்டிருந்த எனக்கு அந்தக் கை வெறுங்கையாக இருந்தது உறைத்தது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். நாம் கவாத்து வெட்டி வெட்டி இரண்டு வருஷத்தில் ஐந்து அறுப்புகூடப் பார்த்துவிடுகிறோம். நம் கொடிக்குக் குளிர்காலத் தூக்கமே கிடையாது. அவர்களுக்கு ஜனவரிக் குளிர் கொடியைப் படுக்கப் போட்டுவிடும். செப்டம்பரில் ஒரே அறுப்பு. மொன்சாவ், மெல்காசு பக்கத்தில் பேர் போன ரகம் அல்வரின்யோ. குலை சின்னது, தோல் தடிப்பு, கொட்டை அதிகம், சாறு குறைவு. பழமாகப் பெட்டியில் அடுக்கினால் உங்கள் வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் அந்த வட்டாரத்தில் மற்றத் திராட்சையைவிட அதற்குத்தான் விலை கூடுதல். ஆற்றுக்கு அக்கரை ஸ்பெயின்; அங்கே இதே திராட்சைக்கு அல்பரின்யோ என்று பெயர். மொன்சாவ் பள்ளத்தாக்கைக் கடல் காற்றிலிருந்து மலை மறைக்கிறது, அதனால் சுற்று வட்டாரத்தைவிட வெயில் கூடுதல், மழை குறைவு, பழத்தில் இனிப்பு ஏறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மறைத்ததால்தானே நம் கம்பத்திலும் திராட்சை நின்றது?

கட்டுப்படியாவதன் ரகசியம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது: பழத்தை ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. விலை விழுந்தால் ஒயினாகித் தொட்டியில் காத்திருக்கும். நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் மழை அடித்த மறுநாள் பழம் வெடித்தால் அந்தக் குறியீட்டை வைத்து என்ன செய்வது? அப்பா வெடித்த பழத்தைக் கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டியதைப் பார்த்தவள் நான்.

போர்ட்டோ நகரத்தில்தான் போர்டோ கலவை கண்டுபிடித்தார்களா?
— தாண்டிக்குடி வாசகர்

ஒலி ஏமாற்றுகிறது, தம்பி. போர்ட்டோ இருப்பது போர்த்துக்கலில். கொடிக்கு நோய் வராமல் தெளிக்கிற கலவை பிறந்தது பிரான்சின் போர்தோவில். சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க, பார்த்தாலே அருவருப்பாகும்படி மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மிலார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, 1885-ல் முறையை வெளியிட்டார். போர்த்துக்கல்காரர்களும் அதை ‘போர்தோ ஊர்க் கலவை’ என்றுதான் தங்கள் மொழியில் சொல்கிறார்கள். எங்கள் அப்பா கலக்கிய பிறகு பன்னரிவாளை முக்கி எடுத்துப் பார்ப்பார். செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு. இதை நடித்துக் காட்டினேன். அந்த வீட்டு மகன் ஓடிப்போய்த் தன் தாத்தாவின் துருப்பிடித்த கத்தியை எடுத்து வந்தார்.

மொழி? சாப்பாடு? நாங்கள் சைவம்.
— ஒட்டன்சத்திரம் தம்பதி

மொழியில் பாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கல்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போனவை. கூடத்தின் மூலையில் கிடந்த மரப் பீப்பாயைக் காட்டி, “பீப்பாய்” என்றேன். “பீப்பா!” என்று அந்த வீட்டு மகன் பதிலுக்குக் கத்தியதில் நாய் குரைத்தது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பந்தலுக்கு அடியில் வளரும் அந்த முட்டைக்கோஸ் இலையை மயிரிழையாக அரிந்து, உருளைக்கிழங்கு சூப்பில் போட்டுத் தருகிறார்கள், அருமை. ஆனால் அடியில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மக்காச்சோள ரொட்டி தாராளம்.

எப்படிப் போவது? எப்போது போவது?
— திண்டுக்கல் வாசகி

போர்ட்டோவிலிருந்து ரயில், எல்லை ஊரான வலென்சா வரை. அங்கிருந்து மொன்சாவுக்கு ஓடிய பழைய ரயில் பாதையில் இப்போது சைக்கிள் விடுகிறார்கள். நீங்கள் டாக்சி பிடியுங்கள். கண்டிப்பாக முன்பே மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்குங்கள். நாங்கள் சொல்லாமல் போன முதல் தோட்டத்தில் கேட் பூட்டியிருந்தது. மணி ஒன்று, சாப்பாட்டு நேரம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கோபம் வந்தது, எங்கள் வீட்டுக்கு மதியம் ஒரு மணிக்கு யாரோ நான்கு பேர் வந்து நின்றால் என்ன செய்வேன் என்று யோசித்ததும் இறங்கிவிட்டது. சுவை பார்க்கக் கட்டணம் உண்டு. பாட்டில் வாங்கினால் சில இடங்களில் கழித்துக்கொள்வார்கள். எல்லோரும் செப்டம்பர் அறுப்புக்குப் போகச் சொல்வார்கள். நான் மாட்டேன். அறுப்பு சமயத்தில் எந்த விவசாயியும் மனிதனாக இருப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், பேச ஆள் கிடைக்கும்.

மருமகன் கொண்டுவந்த வின்யோ வெர்தே பாட்டிலை மூன்று வருஷமாகப் பீரோவில் வைத்திருக்கிறேன். பழசாகப் பழசாக ருசி கூடும்தானே?
— பழனி வாசகர்

ஐயா, உடனே திறந்துவிடுங்கள், சமையலுக்காவது ஆகும். என் வீட்டுக்காரரும் இதையே செய்தார். பட்டுப்புடவைக்கு நடுவில் பத்திரப்படுத்தி, இரண்டு வருஷம் கழித்துத் திறந்தபோது வாசனையும் இல்லை, சுருக்கும் இல்லை, கழுநீர். பச்சைக்குப் பச்சையில்தான் மதிப்பு. அல்வரின்யோ மட்டும் சில வருஷம் தாங்கும், அதுவும் குளிர்ந்த இருட்டில். நம் கீழ்நாட்டு ஏப்ரலில் இரும்புப் பீரோ என்பது அடுப்பு. ஆளுக்கு 2 லிட்டர்தான் சுங்கத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் இழப்பு பெரிதில்லை.

எங்கள் பிளம்ஸ் தோட்டத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அந்தக் குடும்பம் போல வீட்டு ஒயின் செய்து விருந்தாளிகளுக்கு விற்கலாமா?
— கொடைக்கானல் வாசகி

கூடாது. உரிமம் இல்லாமல் விற்பது தமிழ்நாட்டில் குற்றம். ‘கிறிஸ்துமஸுக்குச் செய்தது, சும்மா’ என்ற பேச்சு போலீஸிடம் எடுபடாது. ஒயினை விடுங்கள். அந்த வீட்டில் என்னைக் கட்டிப்போட்டது ஒயின் இல்லை, அந்தக் குச்சி முறுக்கு. உங்களிடம் கவாத்துக் கத்திரி இருக்கிறது, பிளம்ஸ் ஜாம் கிண்டும் பெரிய சட்டி இருக்கிறது, ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் ஒரு விருந்தாளியை விட்டு, நாலு ஒட்டு கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவருக்கு அந்த அரை நாள் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். நாயைக் கட்டி வையுங்கள். மதியம் ஒரு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுங்கள்.