பாரத்தை எப்போது கூட்டுவது?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவன், வயது 23. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பெஞ்ச் பிரெஸ்ஸில் (மல்லாந்து படுத்து, பாரம் பூட்டிய கம்பியை, அதாவது பாரை, நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) 40 கிலோவோடு நாலு மாதமாக நிற்கிறேன். முதல் செற்றில், அதாவது ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்கும் முதல் சுற்றில், கை நடுங்கும்வரை செய்தால் பத்துத் தடவை வரும், ஒரு நிமிடம் இருந்துவிட்டு அடுத்ததில் ஏழு, மூன்றாவதில் ஐந்துதான். மாஸ்டர் 4 செற், 12 தடவை என்கிறார். கூட்டாளி பாரத்தை ஏற்றி ஐந்தைந்தாகச் செய் என்கிறான். வெள்ளாமை வெட்டு வந்தால் ஒரு மாதம் ஒழுங்காகப் போகவும் முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் பிழையில்லை. ஐந்து தடவைக்குள் முடிகிற கனமான பாரம் பலத்தைக் கூடுதலாக வளர்க்கும். தசை வளர ஆறும் போதும், இருபதும் போதும். செற்றின் கடைசித் தடவைகள் உண்மையிலேயே கஷ்டமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு 8 முதல் 12 வரை வைத்துக்கொள்வோம். மூட்டுக்கும் அது சுகம்.

முதலில் அந்த ஒரு நிமிட ஓய்வை விடுங்கள். இரண்டரை, மூன்று நிமிடம் இருங்கள். மட்டக்களப்பு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, இன்னும் அரை நிமிடம் இருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அடுத்தது, முதல் செற்றிலேயே கை நடுங்க விடாதீர்கள். இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற நிலையில் பாரை வையுங்கள். பார் மேலே போகும் வேகம் தானாகக் குறையும், அதுதான் அடையாளம். கடைசிச் செற்றில் மட்டும் கொஞ்சம் நெருக்கிப் பார்க்கலாம், அதுவும் பின்னால் ஒருவர் நின்றால்தான்.

இனி ஒரு கொப்பி வாங்குங்கள். வெறும் பார் 20 கிலோ என்றால் அதில் பத்து, 30 கிலோவில் ஐந்து, இவை உடம்பைச் சூடாக்க மட்டும். பிறகு 40 கிலோவில் மூன்று செற். முதல் நாள் 9, 8, 8 வரலாம். எழுதிவையுங்கள். அடுத்த முறை 9, 9, 8 வந்தாலும் அது ஏற்றம்தான். 12, 12, 12 வரும்வரை பாரத்தில் கை வைக்கவேண்டாம். வந்த பிறகு பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோவாக மொத்தம் இரண்டரை கூட்டுங்கள். எண்ணிக்கை திரும்பவும் எட்டு, ஒன்பதுக்கு இறங்கும். பயப்பட ஒன்றுமில்லை.

டம்பெல் கணக்கு வேறு. 10 கிலோவிலிருந்து 12.5க்குப் போவது ஒரேயடியாகக் கால்வாசி கூடுவது. அதனால் அதில் 15 தடவை வரை ஏறிவிட்டுத்தான் மாறவேண்டும்.

மூன்று செற், பத்து என்ற பழக்கத்தைப் பரப்பியவர் தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பிறகு வகுத்த முறையில் முதல் செற் அரைப் பாரம், இரண்டாவது முக்கால், மூன்றாவதுதான் முழுப் பாரம். மூன்றிலும் உயிரைக் கொடுக்கச் சொன்னவரில்லை அவர்!

மாஸ்டரின் நாலாவது செற் இப்போதைக்கு வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் நெஞ்சுக்கு மூன்று மூன்று செற் செய்து, அதில் ஏற்றம் நின்றால் மட்டும் ஒன்றைச் சேருங்கள். தோள்மூட்டில் குத்துகிற நோ வந்தால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். நோ போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பலர் பாரத்தைக் குறைத்துச் செற்றை அப்படியே வைக்கிறார்கள். அது தலைகீழ். பாரத்தை விடாமல் செற்றைக் குறைக்கவேண்டும். வாரத்தில் ஒரு நாள் போய் அதே பாரத்தில் ஒன்றிரண்டு செற் செய்தாலே பலம் பெரும்பாலும் நிற்கும். முதல் நாள் நெல் மூட்டை ஏற்றியிருந்தால் முதுகுக்கான பயிற்சியை அந்த வாரம் விட்டுவிடலாம். ஒரு மாதம் முழுக்கவே போக முடியாமல் போனால், திரும்பி வரும்போது பத்திலொரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். முதலில் ஏறிய காலத்தைவிடச் சீக்கிரமாகவே பழைய பாரத்துக்கு வந்துவிடுவீர்கள்.